சத்து போகிறது

வீராயி அக்காவிடம் இருபத்தாறு வருட டெல்லி இந்தி இருந்தது. பாத்திரத்துக்கு, துடைப்பத்துக்கு, லீவு கேட்பதற்கு, காய்கறிக்காரரோடு சண்டை போடுவதற்கு. உடம்புக்கு மட்டும் அவரிடம் இந்தி இல்லை. கால் வீங்குவதையும் சிறுநீர் நுரைத்துக்கொண்டு போவதையும் தமிழில்தான் சொல்ல வரும். அதனால் ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூப்பிட்டார்.

சின்னசேலம் பக்கத்துக்காரர். கல்யாணம் ஆன கையோடு கணவரோடு கட்டட வேலைக்கு இங்கே வந்தவர். கணவர் இறந்த பிறகு சிமெண்டுச் சட்டியை விட்டுவிட்டு வீட்டு வேலைக்கு மாறினார். மோதி பாக் குவார்ட்டர்ஸில் இரண்டு வீடு, முனிர்காவில் நான் வாடகைக்கு இருக்கும் கட்டடத்தின் ஐந்து மாடிப் படிக்கட்டு. ஒரே மகள் மாதுரி. இங்கேயே பிறந்து இந்தியில் படித்தவள். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது.

நான் வீட்டுக்குப் போன் பேசுவதைக் கேட்டு, எந்த ஊர் என்று படியில் நிறுத்தி விசாரித்ததில் பழக்கம். என்ன படிக்கிறாய் என்று கேட்டார். கிட்னி பற்றி என்றேன். டாக்டரா என்றார். டாக்டர் இல்லை, டாக்டர் பட்டத்துக்கு, ஐந்து வருடம் என்றேன்.

"ஊசி போடத் தெரியாதா அப்ப?"

"தெரியாதுக்கா."

"அப்ப என்னாத்துக்கு அஞ்சு வருசம்?"

அஞ்சு வருசம் இதற்குத்தான். சிறுநீரகத்தின் வடிகட்டி நன்றாக இருக்கும்வரை இரத்தத்தில் உள்ள புரதம் வெளியே போகாது. கொஞ்சம் நழுவினாலும், கீழே குழாய் ஓரமாக இருக்கும் செல்கள் அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே சின்னச் சின்னப் பைகள் இருக்கின்றன. அந்தப் பைகளில் புரதத்தைத் துண்டு துண்டாக்கி, துண்டுகளை இரத்தத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடும். ஒன்றும் வீணாகாது. வடிகட்டி கெட்டுப்போனால் செல்லுக்கு வருவது அதன் அளவுக்கு மீறிவிடும். அது போதும் என்று சொல்லாது, வருவதையெல்லாம் விழுங்கும். பை வெடிக்கும், செல் சாகும், அந்த இடம் தழும்பாகும். நான் ஆய்வகத்தில் தட்டில் செல்களை வளர்த்து, அவற்றின் மேல் புரதக் கரைசலை ஊற்றி, எத்தனை மணி நேரத்தில் எத்தனை சாகின்றன என்று எண்ணுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். தாசில்தார் ஆபீஸில் வாங்கிய முதல் பட்டதாரிச் சான்றிதழ் இன்றைக்கும் என் ஃபைலில் முதல் தாளாக இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு முதல் முறை போன அன்றைக்கு டாக்டர் என்னோடு ஆங்கிலத்தில் பேசினார். மற்றவர்களுக்கு இரண்டு நிமிடம், எங்களுக்கு ஆறு நிமிடம். புரதம் கசிகிறது, கிட்னி பாதி கெட்டுவிட்டது, ஒழுங்காக இருந்தால் மிச்சத்தைச் சில வருடம் ஓட்டலாம், இல்லையென்றால் டயாலிசிஸ் என்றார். வாரத்தில் மூன்று நாள் மிஷினில் கிடக்க வேண்டும். மூன்று நாள் வராதவரை எந்த வீட்டிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அக்கா என்னைச் சொல்லச் சொன்னது ஒன்றுதான்: மிசின் மட்டும் வேண்டாம், வேலைக்குப் போகிற மாதிரி பார்த்துக்கொள்ளச் சொல்.

வெளியே வராந்தாவில் உட்கார வைத்து அவருக்கு விளக்கினேன். சிறுநீரில் புரதச்சத்து போகிறது என்றேன். என்ன சத்து என்று கேட்டார்.

"சத்துக்கா. உடம்புல இருக்க வேண்டிய சத்து வெளிய போவுது."

அவர் முகம் தெளிந்தது. உப்பைக் குறைக்கணும், மாத்திரையை விடக் கூடாது, மூன்று மாதம் கழித்து வரணும் என்றும் சொன்னேன். சாப்பாட்டுக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். இந்தியில் இருந்தது. எனக்கு இந்தி எழுத்துக் கூட்டித்தான் வரும். மாதுரியை வாசிக்கச் சொல்லுங்கள் என்று மடித்துக் கையில் கொடுத்தேன். ஓர் ஆங்கில வார்த்தைகூட இல்லாமல் புரிய வைத்துவிட்டேன் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்தேன்.

மூன்று மாதத்தில் பாதி நாள் நான் ஆய்வகத்திலேயே கிடந்தேன். படியில் பார்க்கும்போது மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்பேன். போடுகிறேன் என்பார். முகம் உப்பியிருந்தது. சதை பிடித்து நல்லா ஆகிவிட்டார் என்று நினைத்தேன், நீர் என்று தோன்றவில்லை.

இரண்டாம் முறை அழைத்துப் போக அவர் வீட்டுக்கே போனேன். ஒரு அறை. அலமாரியில் கைகளை மடக்கிக் காட்டும் ஒருவன் படம் போட்ட பெரிய டப்பா இருந்தது. ஜிம்முக்குப் போகிறவர்கள் குடிக்கும் புரதப் பொடி. மோதி பாக் வீட்டு அம்மா, மகன் பாதியில் விட்டதைக் கொடுத்திருக்கிறார். காலையில் பாலில் இரண்டு கரண்டி. அது போக நாளுக்கு நான்கு முட்டை, ஞாயிறு ஈரல், மற்ற நாளில் பருப்பு கெட்டியாக.

"இவ்ளோ எதுக்குக்கா?" என்றேன்.

"நீதான சொன்ன, சத்து போவுதுன்னு. போறத ஈடு கட்ட வேணாமா?"

மாதுரி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஆணியில் குத்தி வைத்திருந்த தாளை எடுத்து என் முன்னால் நீட்டினாள். என்னை இந்தியில் அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்.

"பையா, இதுல அண்டா கம், தால் கம், பனீர் பந்த்னுதான் லிக்கி இருக்கு. நான் அன்னிக்கே படிச்சுக் காட்டினேன். அம்மா மானவே இல்ல."

முட்டை குறைவு, பருப்பு குறைவு, பனீர் கூடாது என்று எழுதியிருந்ததை அம்மா ஒத்துக்கொள்ளவில்லையாம்.

"உனக்குத் தமிழே நாலு வார்த்தை," என்றார் அக்கா. "தம்பி பி.எச்.டி."

மாதுரி தாளைத் திரும்ப ஆணியில் குத்திவிட்டுப் போய்விட்டாள்.

புரதம் அதிகம் தின்றால் வடிகட்டிக்கு அழுத்தம் கூடும், இன்னும் கசியும், அந்தச் செல்களுக்கு இன்னும் வரும். இதை நான் இரண்டு கருத்தரங்குகளில் படம் போட்டுப் பேசியிருக்கிறேன். ஆட்டோவில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். எனக்கு எதுவும் தோன்றவில்லை. பயமும் இல்லை. சிக்னல்களை எண்ணிக்கொண்டு போனேன்.

டாக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மிஷினுக்குத் தயாராக வேண்டும் என்றார். நான் நடந்ததை ஆங்கிலத்தில் சொன்னேன். அதனால்தானா என்று கேட்டேன். இருக்கலாம், இது தானாகவும் இப்படிப் போகும், சொல்ல முடியாது என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேர் நின்றார்கள்.

வராந்தாவில் அதே மாதிரி பெஞ்சு. அக்காவிடம் சொன்னேன், நான் சொன்ன வார்த்தை தப்பு என்று.

"அப்ப சத்து போவலையா?"

"போச்சுக்கா. ஆனா அத நிறைய திங்கக் கூடாது. தின்னா கிட்னிக்குச் சுமை. அத நான் சொல்லல."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"திங்கச் சொல்லியும் நீ சொல்லல," என்றார். பிறகு, "நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. இந்த ஊருக்கு வந்து ஒரு முட்டைய முழுசா நானே தின்னது இந்த மூணு மாசந்தான். மாதுரிக்குப் பாதி வைக்காம."

ஆபரேஷன் டாக்டர் அறையில் எங்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

கையில் இரண்டு இரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்து, மிஷின் ஊசிக்கு வழி செய்வார்கள். அதைச் செய்யும் டாக்டர் இளைஞர், என் வயதுதான் இருக்கும். எந்தக் கையால் வேலை செய்வார், மற்றக் கையில் போடுகிறேன் என்றார். அதை அப்படியே கேட்டேன். அக்கா இரண்டு கையையும் மடியில் விரித்துப் பார்த்தார்.

"தேய்க்கிறது வலது. பக்கெட்டு தூக்குறது இடது. எதையின்னு சொல்ல?"

டாக்டர் பேனாவை எடுத்துவிட்டார்.

"இடதுன்னு சொல்லு."

சொன்னேன். இடது மணிக்கட்டில் ஒரு கோடு போட்டார். இனி அந்தக் கையில் ஊசி போட விடக் கூடாது, பி.பி. பார்க்க விடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்றார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். பாரம் என்று சொல்லாமல் பக்கெட்டு என்றே சொன்னேன்.

"எத்தினி நாளைக்கு?"

எப்பவும் என்றேன்.

"அரை பக்கெட்டுன்னா?"

அதையும் கேட்டேன். அரை பக்கெட்டும் கூடாது என்றார் டாக்டர். அதையும் அக்காவிடம் சொன்னேன்.