அரசனின் பறவை காணாமல் போன ஞாயிற்றுக்கிழமை

பிலிப்பைன்ஸ்காரருக்கு இலக்கியம் என்று ஏதாவது இருக்கிறதா என்று அன்றைக்குப் பிரெஞ்சில் கேட்டுவிட்டுச் சிரித்தீர்கள், பிள்ளைகளே. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். தமிழிலேயே எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் பாரிசின் லா ஷப்பல் பகுதியில் உங்கள் பெரியப்பா பெயரில் ஓர் அறை இருந்தது. அண்ணனும் நானும் ஒரு பிலிப்பைன்ஸ்காரனும் அதில் இருந்தோம். அவனும் நானும் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவினோம். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த பிரெஞ்சு மட்டும். அந்தப் பிரெஞ்சில்தான் அவன் தன் நாட்டுப் பாட்டையெல்லாம் எனக்குச் சொன்னான்.

முதலில் நொடி, விடுகதை. "வாய் திறந்தால் ஆட்களை விழுங்கும், வாய் மூடினால்தான் ஓடும், என்ன?" என்றான் ஒரு நாள். நான் பத்துச் சட்டி கழுவியும் கண்டுபிடிக்கவில்லை. விடை மெத்ரோ, நிலத்தடி ரயில். அவனே கட்டியது. பிறகு நாலு வரிப் பாட்டு. வரிக்கு ஏழு அசை, நான்கும் ஒரே ஓசையில் முடிய வேண்டும். ஈரக் கையில் விரல் மடித்து எண்ணுவான். தவக்காலத்தில் அவன் ஊரில் இயேசுவின் பாடுகளை இராகம் போட்டு முறைவைத்து, இரவும் பகலுமாக வாசிப்பார்களாம். வாசிக்க வருகிறவருக்கு வீட்டுக்காரர் சாப்பாடு போட வேண்டும். எங்கள் கோயில்களில் புராணத்தை ஒருவர் படிக்க இன்னொருவர் பொருள் விளக்கிப் பயன் சொல்வதை நான் அவனுக்குச் சொன்னேன். "அப்போ நீங்களும் எங்களைப் போலத்தான்" என்றான். அதுவரைக்கும் பாரிசில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

அந்தக் கார்த்திகையில் அவனுடைய தாய் இறந்துபோனாள். அவனிடம் இருந்தது தற்காலிக வதிவிடத் தாள், ரெசிப்பிசே. போனால் திரும்பி வரமுடியாது. அழுது முடித்துவிட்டு ஒன்று மட்டும் கேட்டான். ஒன்பதாம் நாள் சடங்கை இந்த அறையில் வைத்துக்கொள்ளலாமா? அண்ணன் சரி என்றார். செபம் படிப்பார்கள், போய்விடுவார்கள் என்று நினைத்தார்.

செபத்தோடு ஒரு பாட்டுப் போட்டியும் உண்டு. செத்த வீட்டில் எல்லோரும் கூடியிருக்கும்போது ஒருவர் அரசனாக உட்காருவார். தன் பறவையைக் காணவில்லை என்பார். கூட்டத்தில் ஒருவரைக் காட்டி நீதான் திருடினாய் என்பார். அவர் நான் திருடவில்லை என்று பாட்டிலேயே வாதாட வேண்டும். தோற்றால் தண்டனை, இறந்தவருக்காக ஒரு செபம். திட்டும் சிரிப்பும் எல்லாம் கடைசியில் அந்தச் செபத்தில்தான் போய்ச் சேரும். அவனுடைய தாய் அந்த ஊரில் பெயர் போன பாட்டுக்காரி. எத்தனையோ வீடுகளில் அவள் பாடியிருக்கிறாள். "அவளுக்கு இது இல்லாமல் முடியக்கூடாது" என்றான்.

குற்றவாளியாக நான் இருப்பதென்று பேச்சு. தமிழில் நாலு வரி கட்டி வைத்திருந்தேன். எந்த மொழியானாலும் பரவாயில்லை, அளவு சரியாக இருந்தால் போதும் என்று சொல்லியிருந்தான்.

ஞாயிறு மத்தியானம் அவனுடைய ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். பணக்கார வீடொன்றில் பிள்ளை பார்க்கிற வயதான அம்மா ஒருவர் அரசனாகக் கதிரையில் இருந்தார். அவர் அண்ணனைப் பார்த்தார். வீட்டுக்குப் பெரியவர் இருக்க, தம்பிக்கு முதல் மரியாதை கொடுப்பது அவர்களுடைய முறை இல்லை. விரலை என் பக்கம் கொண்டுவந்தவர் அண்ணன் பக்கம் திருப்பினார்.

"என் பறவையைத் திருடியவர் இவர்தான்" என்றார் பிரெஞ்சில். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள்.

ஊரில் அண்ணனை இராணுவம் பிடித்தது இப்படித்தான். சாக்கால் முகம் மூடி ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டி ஒருவன் அவர் முன்னால் தலையை ஆட்டினான். அதை நீங்கள் மறக்கக்கூடாது. அறையில் அவர் முகம் வெளிறியதை நான் பார்த்தேன்.

"அண்ணை, இது விளையாட்டு. உங்களுக்கு மரியாதை தருகினம்."

"செத்த வீட்டிலை விளையாட்டோ? என்னைக் கள்ளன் எண்டு சொல்லிச் சிரிக்கினம், நீயும் பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறாய்."

"தோத்தால் ஒரு செபம் அண்ணை, அவ்வளவுதான்."

"எழும்பச் சொல்லு எல்லாரையும். இது என்ரை அறை."

பிலிப்பைன்ஸ்காரன் எழுந்து அண்ணனுக்கு முன்னால் வந்து நின்றான். "மிஸ்யே, அந்தச் செபத்தை உங்களுக்காக நான் சொல்கிறேன். நீங்கள் இருந்தால் போதும். என் அம்மாவுக்காக" என்றான்.

அண்ணன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அந்த வயதான அம்மா மன்னிப்புக் கேட்டார். கொண்டுவந்திருந்த நூடுல்ஸ் தட்டைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு இறங்கினார். மற்றவர்களும் இறங்கினார்கள். நான் பின்னால் ஓடி, படியில் நின்று, என் பாட்டைச் சொல்லட்டுமா என்று அவனைக் கேட்டேன்.

"தெருவிலா?" என்றான். மற்றவர்களோடு இறங்கிப் போனான்.

இரண்டு நாள் கழித்து பாரிசுக்கு வெளியே லா கூர்னெவில் ஒரு சிநேகிதனிடம் போனான். கார் து நோர் ரயில் நிலையம் வரைக்கும் அவனுடைய பையைச் சுமந்துகொண்டு போனேன். இன்னொரு ஞாயிறு செய்யலாமே என்றேன்.

"ஒன்பதாம் நாள் போய்விட்டது. இனிப் பாடினால் நாங்கள்தான் கேட்போம், அவள் கேட்கமாட்டாள்."

பிறகு வேலை நேரத்தை மாற்றிக்கொண்டான். சமையலறையில் எனக்கு நொடி போட ஆளில்லை.

தைப்பொங்கலுக்கு நம் ஆட்கள் மண்டபம் எடுத்துப் பட்டிமன்றம் வைத்தார்கள். ஒரு பேச்சாளர் எதிரணிக்காரரைப் பார்த்து, என் கருத்தைத் திருடிய கள்ளன் என்றார். மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் இருந்த அண்ணன் கைதட்டினார். ரூ பஜோல் தெரு வழியாகத் திரும்பி நடக்கும்போது கேட்டேன்.

"அந்த மனுசனைக் கள்ளன் எண்டினம். உங்களுக்குக் கோபம் வரேல்லையோ?"

"விசரா உனக்கு? அது இலக்கியமடா."

"அண்டைக்கு எங்கட அறையிலை நடந்ததும் அதுதான் அண்ணை."

அவர் நடையை வேகமாக்கினார். பிறகு, "அவங்கள் அதை முதலே சொல்லியிருக்க வேணும்" என்றார்.

இப்போதும் கலியாண வீடுகளில் அவர் அந்தக் கதையைச் சொல்கிறார். ஒரு பிலிப்பைன்ஸ்காரன் தன்னைக் கள்ளன் என்றதாகவும், தான் கதவைத் திறந்து அனுப்பியதாகவும் சொல்வார், சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். அதில் ஒரு தாய் செத்திருந்தாள் என்பதை மட்டும் அவர் ஒரு தடவையும் சொன்னதில்லை.