இரண்டாவது லாரி

எங்கள் தொழிலில் ‘ஹோல்டிங் ஸ்டேட்மென்ட்’ என்று ஒன்று உண்டு. ஏதாவது விபரீதம் நடந்ததும், முழு விவரம் தெரிவதற்கு முன்பே பத்திரிகைகளுக்குக் கொடுக்கும் நாலைந்து வரி. அதை எழுதியே இருபது வருஷம் பிழைத்தேன். எழுதியதில் பெரும்பாலானவை மறந்துவிட்டன. வெளியே போகாத ஒன்றுதான் இன்னும் மனப்பாடமாக இருக்கிறது.

சிங்கப்பூரில் ஒரு கேட்டரிங் கம்பெனியில் நான் கம்யூனிகேஷன்ஸ் மேனேஜர். பேர்தான் மேனேஜர், டிபார்ட்மென்ட் முழுக்க நான் ஒருத்திதான். துவாஸ் டார்மிட்டரிகளில் தங்கிக் கட்டுமான வேலை பார்ப்பவர்களுக்குச் சாப்பாடு அனுப்புவது எங்கள் முக்கிய வியாபாரம். மாடியில் ஆபீஸ், கீழே கிச்சன். படி ஏறும்போதே இன்றைக்குச் சாம்பாரா மீன் குழம்பா என்று மூக்கு சொல்லிவிடும். பொங்கோலில் என் வீட்டு அடுப்பில் எவ்வளவு முயன்றும் அந்த வாசனை வரவில்லை. ஓய்வு பெற்றபின் சம்பளத்தைவிட அதற்குத்தான் அதிகம் ஏங்குகிறேன்.

ஒரு வியாழக்கிழமை காலை பாஸ் அவசரமாகக் கூப்பிட்டார். முந்தின நாள் எங்கள் மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்ட பதினேழு பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. மூன்று பேர் ஆஸ்பத்திரியில். ஓர் இளைஞர் கட்டிலில் சுருண்டு கிடப்பதை யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருந்தார்கள். அதிகாரிகள் வந்து கிச்சனை மூடச் சொல்லிவிட்டார்கள். ஒரு ரிப்போர்ட்டர் நாலு மணிக்குள் பதில் வேண்டும் என்றிருந்தார்.

“ஆக்‌ஷன் எடுத்துட்டோம்னு காட்டணும்லா,” என்றார் பாஸ். “இல்லாட்டி காண்ட்ராக்ட் எல்லாம் போயிடும். ஹெட் குக்கை அனுப்பிட்டோம்னு போடுங்க.”

“மாரியப்பண்ணனையா பாஸ்? அவர்கிட்ட சொல்லியாச்சா?”

“எச்.ஆர். பாத்துக்குவாங்க. நீங்க எழுதுங்க.”

எழுதினேன். ‘பொறுப்பான சமையலர் பணியிலிருந்து நீக்கப்பட்டுள்ளார்.’ அப்போது மனசு உறுத்தவில்லை என்பதைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது. வாக்கியம் கச்சிதமாக அமைந்ததில் கொஞ்சம் சந்தோஷம்கூட.

சாப்பாடு எத்தனை மணிக்குச் சமைத்தது என்று உறுதி செய்துகொள்ளக் கீழே போனேன். கிச்சனில் பெரிய அண்டாக்களைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். காய் வெட்டும் செல்வியக்கா, பாக்கெட் கட்டுகிறவர்கள், நடுவில் மாரியப்பண்ணன். நேரத்தை மட்டும் கேட்டிருக்கலாம். ஆனால் எழுதியதை முதல் வரியிலிருந்து வாய்விட்டு வாசித்துச் சரிபார்ப்பது என் பழக்கம். “தப்பு இருந்தா சொல்லுங்க” என்று ஆரம்பித்தேன். வாய் தன்பாட்டுக்கு ஓடி அந்த வரியையும் வாசித்துவிட்டது.

மாரியப்பண்ணன் நிமிர்ந்தார்.

“எந்தச் சமையலரும்மா? நம்ம கிச்சன்ல யாரை அனுப்பிட்டாங்க?” சுற்றிலும் பார்த்தார். “செல்வியையா? அவங்க வெட்டிக் குடுக்குறதோட சரி. சமைச்சது நான்ம்மா. அவங்க மேல போட்டுடாதீங்க.”

என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். கையை மெதுவாகத் துடைத்துக்கொண்டார்.

“டைம்தானே கேக்க வந்தீங்க? எழுதிக்குங்க. விடிகாலை மூணு மணிக்குச் சோறு வடிச்சேன். நாலரைக்குக் கட்டினோம். அஞ்சரைக்கு லாரி, பசியாறலோட சேத்தே போயிடும். அந்தப் பிள்ளைங்க சாப்பிடுறது பன்னெண்டு மணிக்கு.”

இது எங்கள் யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. ஒரே லாரியில் காலை உணவும் மதிய உணவும் போகும். மதியப் பொட்டலம் வெயிலில், சைட்டில் ஏதோ ஒரு மூலையில் காத்துக் கிடக்கும். அந்த லாரியின் பக்கவாட்டில் ‘ஒவ்வொரு வேளையும் சூடாக’ என்று பெரிதாக எழுதியிருக்கும். அந்த வாசகமும் நான் எழுதியதுதான்.

மேலே போனேன்.

“அந்த வரிய எடுத்துட்டேன் பாஸ்.”

“எடுத்துட்டு? சாரி மட்டும் சொல்லப் போறீங்களா? சாரி யார் வேணாலும் சொல்லலாம்லா!”

“மதியச் சாப்பாட்டைப் பின்னாடி தனியாச் சமைச்சு, ரெண்டாவது லாரியில அனுப்பப் போறோம்னு சொல்லலாம்.”

“லாரிக்கு எங்க போறது?”

“சாயந்தர ஹை-டீ கொண்டுபோற லாரி மூணு மணி வரைக்கும் கீழ சும்மாதானே நிக்குது?”

அவர் ஜன்னல் வழியே பார்த்தார். நின்றுகொண்டிருந்தது.

“மாரியப்பண்ணனை அனுப்பித்தான் ஆகணும்னா நீங்களே இறங்கிப் போய்ச் சொல்லுங்க. நான் தெரியாம ஒரு தடவை சொல்லிட்டு வந்துட்டேன். இன்னொரு தடவை என்னால முடியாது.” கோபம் அவர்மேல் பாதி, என்மேல் பாதி.

பாஸும் மாரியப்பண்ணனும் தேக்காவில் ஒற்றை அடுப்போடு கடை போட்டு ஆரம்பித்தவர்கள். பாஸ் மறுபடி ஜன்னல் வழியே கீழே பார்த்தார். பிறகு, “சரி, லாரின்னு போடுங்க,” என்று சொல்லிவிட்டுத் தானே படியிறங்கிப் போனார். கீழே என்ன பேசிக்கொண்டார்களோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு காண்ட்ராக்ட் போனது. மற்றவை தங்கின. மாரியப்பண்ணனும் தங்கினார்.

கிச்சன் மறுபடி திறந்த அன்று இரண்டாவது லாரியில் நானும் ஏறிப் போனேன். வீடியோவில் சுருண்டு கிடந்த அந்தத் தம்பி தேறி வேலைக்கு வந்திருந்தார். பொட்டலத்தைப் பிரித்தவர் சட்டென்று கையை உதறினார். “அக்கா, சோறு சுடுதுக்கா!” என்று சிரித்தார். என் சர்வீஸில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

அதன்பின் எந்த ஸ்டேட்மென்ட்டானாலும், அது யாரைச் சுடுமோ அவரிடம் முதலில் வாசித்துக் காட்டாமல் வெளியே விட்டதில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான். மாரியப்பண்ணன் மட்டும் என்னைச் சும்மா விடவில்லை. கிச்சன் பக்கம் தலை காட்டினாலே, “இன்னிக்கு எந்தச் சமையலரும்மா?” என்பார்.

நான் ஓய்வு பெற்ற அன்று எச்.ஆரிலிருந்து ஒரு பெண் என்னைப் பற்றி ஒரு பக்கம் வாசித்தாள். அர்ப்பணிப்பு, அயராத உழைப்பு, ஈடு செய்ய முடியாத இழப்பு. கைதட்டல் ஓய்ந்ததும் பின்வரிசையிலிருந்து மாரியப்பண்ணன் குரல் வந்தது.

“இத முதல்ல உங்ககிட்ட வாசிச்சுக் காட்டினாங்களாம்மா?”

“இல்லண்ணே.”

“பாத்தீங்களா,” என்றார், “ஆபீஸ் இன்னும் திருந்தல.”