ஓவர்கிளாக் பண்ணின கார்டை வாங்கிட்டேன்

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் எனக்குப் பொழப்பு. நேத்து என் கம்ப்யூட்டர்ல இருந்த கிராஃபிக்ஸ் கார்டு செத்துப்போச்சு. வித்தவர் "ஆயுசுக்கும் ஓடும்"னு சத்தியம் பண்ணிக் கொடுத்த கார்டு அது.

இன்னைக்கு சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுல இன்னொரு பழைய கார்டு பார்த்தேன். கொண்டு வந்தவர் திருவேங்கடத்துக்காரர், கேம் ஆடுதவர்.

"ஓவர்கிளாக் பண்ணி, கம்பெனி வச்ச வேகத்துக்கு மேல ஏத்தித்தான் ஓட்டுனேன் அண்ணாச்சி. ஒரு நாளும் ஹேங் ஆகல."

"சரி, இனிமே எத்தனை வருசம் ஓடும்?"

கொஞ்சம் யோசிச்சார். "இதுவரைக்கும் ஓடுச்சு, அதைத்தான் சொல்ல முடியும். சூட்டுல உள்ள எவ்வளவு தேஞ்சிருக்குன்னு எனக்கே தெரியாது. நீங்க வேகத்தைக் குறைச்சே ஓட்டுங்க."

அந்த "தெரியாது"க்காகவே வாங்கிட்டேன்.

இப்ப ரெண்டர் ஓடுது, எடிட் பண்ணின கல்யாண வீடியோ முழுசா உருவாகிட்டு இருக்கு. மெதுவாத்தான் போகுது, ஆனா நிக்கல. பொண்ணு வீட்டுக்காரங்க மட்டும் நிக்காம போன் அடிக்காங்க.

நீங்களா இருந்தா வாங்கியிருப்பியளா மக்கா?