தண்ணி கேக்குது

டாக்சிக்காரன் சொன்னால் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்பீர்கள். சவாரிக்கு வந்தவர்களிடம் நான் விட்ட புளுகு ஏராளம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இதைச் சொல்வதால் எனக்கு எந்த லாபமும் இல்லை. தூக்கம்தான் போகிறது. 1964 பிப்ரவரியில், சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில், எனக்கே நடந்தது இது.

நானும் ஜமால் முகம்மதுவும் ஒரே டாக்சியை ஓட்டினோம். பகல் எனக்கு, இரவு அவருக்கு. நாகூர்க்காரர், என்னைவிட மூத்தவர். 'நானா' என்றுதான் கூப்பிடுவேன். வண்டி ரொம்பப் பழசு. ரேடியேட்டரில் தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலும் கொதித்துவிடும். வண்டி கைமாறும்போதெல்லாம் அவர் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார். "தண்ணி கேக்குது, வேலு" என்பார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவர் மாதிரி நிதானமாக ஊற்றுவார். அந்த வருடம் ஊரெங்கும் தண்ணீர்ப் பங்கீடு. பாதி நாள் குழாயில் காற்றுதான் வரும். அதனால் வண்டியில் எப்போதும் ஒரு பெரிய பாட்டிலில் நல்ல தண்ணீர் வைத்திருப்போம்.

நோன்பு மாதம். நானாவுக்குக் காய்ச்சல், வேலைக்கு வரவில்லை. ஒரு மதியம் பார்த்துவிட்டு வரலாமென்று ஆங் மோ கியோவில் அவர் குடியிருந்த கம்பத்துக்கு, அந்தக் குடிசைக் கிராமத்துக்கு, போனேன். பாயில் சுருண்டு கிடந்தார். தொட்டால் நெருப்பு. அவர் மனைவி நூருன்னிசா வீட்டில் இல்லை, பொதுக்குழாய் வரிசையில் நிற்கிறார் என்றார்கள். காத்திருக்கப் பயமாக இருந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் நானுமாகத் தூக்கிப் பின்சீட்டில் படுக்க வைத்தோம். பெரிய ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன்.

ஃபேரர் பார்க் பக்கம் வந்தபோது வழியில் ஒரு லாரி பழுதாகி நின்றது. வண்டிகள் நகரவில்லை. வெயில். சூடு காட்டும் முள் மேலே ஏறிவிட்டது. பின்னாலிருந்து குரல் வந்தது.

"தண்ணி… தண்ணி கேக்குது, வேலு."

இந்த நிலைமையிலும் மனுஷனுக்கு வண்டி நினைப்பா என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. அவர் நோன்பாளி. நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாட்டுக் கடை வாசலில்கூட நிற்காதவர். தனக்காகக் கேட்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு மரத்தடியில் ஓரங்கட்டினேன். மூடியின்மேல் சாக்கைப் போட்டுத் திருகினேன். ஆவி அடங்கக் காத்திருந்தேன். பிறகு பாட்டிலைக் கவிழ்த்தேன், கடைசிச் சொட்டுவரை.

"ஊத்தியாச்சு நானா!"

அவர் என்னையே பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் இறக்கும்போது உயிர் இல்லை. தாதி அவர் வாயைப் பார்த்தாள். "இப்படிக் காஞ்சு கெடக்கே, வழியில தண்ணி குடுக்கலையா?" என்றாள். "நோன்பு" என்றேன். அன்றிலிருந்து அந்த ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். படுத்தால் அவர் பார்வை வரும். நோன்பாளி, வண்டிக்குத்தான் கேட்டார் என்று எனக்கே சொல்லிக்கொண்டு புரண்டு படுப்பேன்.

நோன்பு முடிந்து ஹரி ராயா பெருநாள் வந்தது, போனது. மறுநாள் மாலை அதே மரத்தடியில் வண்டி கொதித்தது. காலையில்தான் விளிம்புவரை ஊற்றியிருந்தேன். ஆறவிட்டுத் திறந்தால் உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. முள் ஏறியபோது மணி ஆறு ஐம்பது. பள்ளிவாசலில் மாலைப் பாங்கு, நோன்பாளிகள் நோன்பு திறக்கிற பாங்கு, சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த நாளும் அதே இடம். அதே ஆறு ஐம்பது.

மூன்றாம் நாள் காலை மெக்கானிக் மாணிக்கத்திடம் விட்டேன். ரேடியேட்டரைக் கழற்றித் தொட்டியில் முக்கிக் காற்றடித்துப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. ரப்பர் குழாய், பெல்ட், பம்ப்… எல்லாம் சரியாக இருந்தன.

"எங்கயும் ஒழுகலைலா. தண்ணி போட்டது வண்டியா, நீயா?"

பட்டறையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். அன்று மாலை வேண்டுமென்றே ஃபேரர் பார்க் பக்கம் போகவில்லை. குவீன்ஸ்டவுனில் சவாரியை இறக்கிவிட்டு மணியைப் பார்த்தேன்… ஆறு ஐம்பது. முள் ஏறியது.

நாலாம் நாள் ஐந்து மணிக்கே எஞ்சினை அணைத்துவிட்டேன். திறந்து பார்த்தேன், நிறையத் தண்ணீர் இருந்தது. மூடிவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். எஞ்சின் ஆறிப்போனது. பாங்கு கேட்டதும் மறுபடி திறந்தேன். மூடி சில்லென்று இருந்தது. உள்ளே காலி.

ஐந்தாம் நாள் சவாரி ஏற்றவில்லை. மூன்று பாட்டில் தண்ணீரோடு போய் அந்த மரத்தடியில் நிறுத்தினேன். ஏன் அங்கே போனேன் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்துதான் போனேன்.

ஆறு ஐம்பது. பாங்கு.

மூடியைத் திறந்து ஊற்றினேன்.

மடக்… மடக்… மடக்…

ரேடியேட்டரில் தண்ணீர் இறங்கும் சத்தம் எனக்குத் தெரியும். இது அதுவல்ல. தொண்டை.

இரண்டாவது பாட்டில். மடக்… மடக்…

மூன்றாவது. பாதியில் சத்தம் நின்றது.

பின்சீட்டு ஸ்பிரிங்… கிரீச்.

பக்கவாட்டில் போய் எட்டிப் பார்த்தேன். யாருமில்லை. சீட்டு மட்டும் ஓர் ஆள் படுத்திருக்கிற அளவுக்கு அமுங்கியிருந்தது.

"போதும்லா, வேலு."

என் காதருகில்.

அமுங்கிய சீட்டு… மெல்ல… எழும்பியது.

அதன் பிறகு அந்த வண்டி ஒரு நாளும் கொதிக்கவில்லை.

நானாவின் நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதப் போனேன். வந்தவர்கள் கலைந்த பிறகு நூருன்னிசா அக்காவிடம் விடைபெறப் போனேன். கணவர் இறந்தபின் இருக்கும் இத்தாவில் அவர் இருந்ததால் திரைக்குப் பின்னாலிருந்துதான் பேசினார். ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தேன். அந்த ஆறுதல் எனக்கும் தேவைப்பட்டது.

"நோன்போடயே போயிட்டாரு அக்கா. புண்ணியவான்."

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நோன்பா? இல்லையே தம்பி. காய்ச்சல் வந்த அன்னியிலேருந்து கஞ்சியும் தண்ணியும்தானே. அஞ்சு நோன்பு விட்டுப்போச்சு. அதுவே அவங்களுக்குப் பெரிய கவலை. பெருநாளுக்கு மறுநாளே ஆரம்பிச்சு, விட்ட அஞ்சையும் புடிச்சிடுறேன்னு சொல்லிக்கிட்டே கெடந்தாங்க."

அஞ்சு.

பெருநாளுக்கு மறுநாளிலிருந்து… அஞ்சு மாலை.

திரை லேசாக அசைந்தது.

"ஏன் தம்பி, வழியில அவங்க ஏதாச்சும் கேட்டாங்களா?"

"ஒண்ணும் கேக்கலைக்கா" என்றேன்.