எங்கள் வீட்டு விக்கிரகம்

போன செவ்வாய்க்கிழமை காலை, அரிசி களைந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. எங்கள் வீட்டுக்காரரின் தங்கை எஸ்தர். கடலுக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில் ஓர் ஆபீஸில் வேலை பார்க்கிறாள்.

“அண்ணி, அண்ணனுக்கு வேற வேல கெடச்சிருச்சா? சொல்லவே இல்ல?”

“இல்லையேம்மா... ஏன்?”

“ஃபேக்டரி சட்டையப் போட்டுக்கிட்டு இங்க ஃபெர்ரித் துறையில நின்னாரு. கூப்பிட்டேன், காதுல விழல. வந்த ஃபெர்ரியிலயே திரும்ப ஏறிட்டாரு.”

களைந்த தண்ணீரோடு அரிசியும் சிங்க்கில் போனது.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பாயான் லெப்பாஸில் ஒரே ஃபேக்டரியில் இருந்தவர். லைன் சூப்பர்வைசர். அந்த ஃபேக்டரியை மூடிவிட்டு முதலாளிகள் வேறு நாட்டுக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகும் இவர் தினமும் காலையில் அதே சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு கிளம்புவார். “வேல தேடப் போறேன்” என்பார். மூடிப்போன ஃபேக்டரியின் சட்டையோடு யாராவது வேலை தேடுவார்களா? கேட்கலாம்தான். கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயம். கேட்கவில்லை.

இப்போது ஃபெர்ரி என்கிறாள் எஸ்தர். போவதும், இறங்காமல் திரும்பி வருவதும்... என் கண்ணுக்கு முன்னால் தண்ணீர்தான் வந்து நின்றது. அதற்கு மேல் இங்கே எழுத மனசு வரவில்லை. உங்களுக்குப் புரியும்.

எஸ்தர் போனை வைக்கவில்லை.

“அண்ணி, கோவிச்சுக்காதீங்க. வீட்டு அலமாரியில விக்கிரகத்த வெச்சிக்கிட்டு இருந்தா ஆசீர்வாதம் எப்பிடி வரும்? இந்த வெள்ளிக்கிழம வேற அந்தச் சிலையக் கொண்டாந்து வெக்கப் போறீங்களாம். வேணான்னு சொல்லுங்க லா. அண்ணனுக்கு வேல தானா வரும்.”

நாங்கள் கத்தோலிக்கர்கள். எஸ்தர் கல்யாணத்துக்குப் பிறகு, சிலை வைக்காத வேறு சபைக்குப் போய்விட்டாள். சண்டையெல்லாம் இல்லை. கிறிஸ்மஸுக்கு ஒரே மேசையில்தான் சாப்பிடுவோம். ஆனால் செபமாலை மாதமான அக்டோபர் வந்தால் மட்டும் அவளுக்கு நாக்கு துறுதுறுக்கும். அந்த மாதம் எங்கள் செபக் குழுவில் மாதா சிலை வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் செபமாலை சொல்லி, அன்றிரவு அங்கே வைத்து, மறுநாள் அடுத்த வீடு.

“ஏம்மா, உங்கம்மா படத்த பர்ஸ்ல வெச்சிருக்கியே, அதுக்கிட்டயா சம்பளம் கேக்கிற? பாத்தா அம்மா ஞாபகம் வருது. அவ்ளோதானே?”

“ம்ம்...” என்றாள். வாயை அடைத்துவிட்டேன். ஆனால் என் மனசை அடைக்க முடியவில்லை. அவள் போனை வைத்ததும் உள்ளே குடையத் தொடங்கியது. ஒருவேளை அவள் சொல்வது சரியாக இருந்தால்? வீட்டில் எதுவோ ஒன்று கடவுளுக்குப் பிடிக்காமல் இருந்தால்?

அவர் வழக்கம்போல வேலை முடிகிற நேரத்துக்கு வந்தார். கோப்பி கேட்டார். நான் ஃபெர்ரியைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். சோற்றில் எவ்வளவு மிச்சம் வைத்தார் என்று பார்த்தேன். பாத்ரூமில் கொஞ்சம் நேரமானால் கதவுக்குப் பக்கத்தில் போய்த் துணி மடித்தேன். மறுநாள் பாசாருக்குப் போனவள், பாதிக் காய் வாங்காமலே ஓடி வந்தேன். ஒன்றுமில்லாததற்கெல்லாம் போன் போட்டேன். “எங்க இருக்கீங்க?” “இருக்கேன்.” அந்த ஒரு வார்த்தையில்தான் என் நாள் ஓடியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் செபக் குழுத் தலைவி ரீத்தா அக்கா மாதாவோடு வந்தார். கார் முன் சீட்டில் மாதா... சீட் பெல்ட் போட்டு!

“என்னக்கா இது?”

“போன வருஷம் ரவுண்டபௌட்ல சாஞ்சிட்டாங்க லா. எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு. இனிமே ரிஸ்க் எடுக்க மாட்டேன்.”

நான் அவசரமாக அவர் காதில் சொன்னேன்: “அக்கா, செபமாலையில கடைசிப் பத்து மணிய அவருக்குக் குடுக்க வேணாம். நானே சொல்லிடுறேன்.”

செபமாலையின் மணிகளைப் பத்துப் பத்தாக உருட்டிச் செபிப்போம்; ஒவ்வொரு பத்தையும் ஒருவர் முன்னால் நின்று சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன் எதற்காக வேண்டுகிறோம் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். கடைசிப் பத்து, வீட்டுக்காரருடையது. இவர் எல்லோர் முன்னாலும் என்ன சொல்லிவிடுவாரோ என்றுதான் எனக்குப் பயம்.

“அதெப்படி, வீட்டு ஆம்பளையத்தானே கேப்போம்?”

“அவருக்குத் தொண்ட கட்டியிருக்கு.”

மாதா பக்கத்தில் இருக்கும்போதே பொய். என்ன செய்வது?

குழுவில் எல்லோரும் வந்து உட்கார, செபமாலை தொடங்கியது. ஒருவர் மகளின் பரீட்சைக்கு வேண்டினார். ஒருவர் முழங்கால் வலிக்கு. கடைசிப் பத்துக்கு நான் வாயைத் திறப்பதற்குள், வாரக்கணக்கில் சரியாகப் பேசாத மனுஷர் பேசினார்.

“எனக்காக வேண்டிக்குங்க. காலையில எழும்பறேன்... எதுக்கு எழும்பறேன்னு தெரியல. அத மட்டும் சாமி எனக்குக் காட்டட்டும்.”

ரீத்தா அக்கா செபமாலையை அவரிடமே நீட்டினார்.

எங்கள் வீட்டுக்காரர் வாங்கித் தொடங்கினார். ஒவ்வொரு செபத்திலும் முதல் பாதியை அவர் சொல்ல, மறுபாதியை எல்லோரும் சொல்வோம். பாதி வழியில் அவர் குரல் நின்றுவிட்டது. அப்புறம் நடந்ததை என்னால் மறக்க முடியாது. மறுபாதி சொல்ல வேண்டியவர்கள் அவருடைய பாதியையும் சேர்த்துச் சொன்னார்கள். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் மட்டும் பார்த்தேன்.

எல்லோரும் மீகோரெங் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர் கப் கழுவினார். நான் துடைத்தேன். இனியும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“ஃபெர்ரியில எதுக்குங்க போறீங்க?”

“எஸ்தர் சொன்னாளா?” சிரித்தார். “காத்து வாங்க. நீ என்னன்னு நெனச்ச?”

என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. குழாயை மூடினார்.

“அய்யோ ஸ்டெல்லா... அதெல்லாம் இல்ல. அங்க யாரும் என் மூஞ்சியப் பாக்க மாட்டாங்க, அவ்ளோதான். இங்க நீ பாத்துக்கிட்டே இருக்க. இன்னிக்குக்கூட எல்லாரும் மாதாவப் பாத்தாங்க, நீ மட்டும் என்னையே பாத்த.”

“பயமா இருக்குங்க.”

“எனக்கும்தான். இந்தச் சட்டயவே எதுக்குப் போட்டுக்கிட்டுப் போறேன்? நீ பயப்படக் கூடாதுன்னுதான். நான் சிரிச்சா நீ சாப்பிடுற. சிரிக்கலன்னா பட்டினி கெடக்குற. நான் என்ன சாமியா? வேல போன கவலையோட இதையும் சேத்து என்னால தூக்க முடியலடி.”

துடைத்த கப்பையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

எஸ்தர் சொன்னதில் பாதி சரி! எங்கள் வீட்டில் விக்கிரகம் இருக்கத்தான் செய்தது. அவள் அலமாரியைச் சொன்னாள். அது மேசையில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு ஃபேக்டரி, எனக்கு அவர். அவருடையது மூடிப்போனதால் தெரிந்துவிட்டது. என்னுடையது நடமாடிக்கொண்டிருந்ததால் தெரியவில்லை.

நான் படித்தது ஃபோம் த்ரீ வரைதான். ஆனால் சின்ன வயதில் ஞாயிறு வகுப்பில் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் இருக்கிறது. கடவுள் உன்னை எதற்குப் படைத்தார்? அவரை அறிய, அவரை நேசிக்க, அவருக்கு ஊழியம் செய்ய. பிஸ்கட்டுக்காக மனப்பாடம் செய்த பதில். அன்றைக்குப் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றுகொண்டு மறுபடி சொல்லிப் பார்த்தேன். அதில் ஃபேக்டரி இல்லை. வீட்டுக்காரர் பெயரும் இல்லை.

திங்கட்கிழமை சிம்பாங் அம்பாட்டில் ஓர் இன்டர்வியூவுக்குப் போனார். “போன் பண்ணாத, நானே பண்றேன்” என்றார். இதை எழுதும் வரைக்கும் அங்கிருந்து முடிவு வரவில்லை. பயம் போய்விட்டதா? போகவில்லை. ஆனால் அன்று நான் போனைத் தொடவில்லை. முழங்கால் போட்டு, “ஆண்டவரே, இவர் உம்முடைய பிள்ளை, நானும்தான்” என்றேன். பிறகு எழுந்தேன். பசித்தது. சாப்பிட்டேன்.

உங்கள் வீட்டிலும் யாரையாவது சாமியாக்கி உட்கார வைத்திருக்கிறீர்களா? தயவுசெய்து இறக்கி விடுங்கள்... பாவம், அவர்களும் கொஞ்சம் மனுஷராக இருந்துவிட்டுப் போகட்டும்.