சாக்குச் சட்டையில் ரெண்டு கை

இப்போ டிவியில் ஒரு வாரம் அமெரிக்கா நமக்குச் சிநேகிதம் என்கிறார்கள், அடுத்த வாரம் இல்லை என்கிறார்கள். வீட்டில் நான் ஒருத்திதான். ரெண்டையும் கேட்டுக்கொண்டு இருப்பேன்.

நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது எங்கள் கடப்புறத்தில் அமெரிக்காவை யாரும் குறை சொன்னதில்லை. கோயிலில் பூசை முடிந்ததும் கொடுக்கிற கோதம்பு மாவும் பால்பொடியும் அங்கிருந்து வந்ததுதான். மாவு வந்த துணிச்சாக்கைப் பிரித்து, துவைத்து, பிள்ளைகளுக்குச் சட்டை தைப்பார்கள். அதில் ரெண்டு கை ஒன்றையொன்று பிடித்துக் குலுக்குகிற படம் உண்டு. எத்தனை துவைத்தாலும் போகாது. மற்றப் பிள்ளைகளுக்கு அது முதுகில் வரும். நான் அம்மையிடம் அடம்பிடித்து நெஞ்சுக்கு நேராக வரும்படி தைத்துக்கொண்டேன். மூணாம் கிளாசோடு நின்றவள்தான் நான். ஆனாலும் அந்தச் சட்டையைப் போட்டு நான் நடந்த நடை எந்த டீச்சருக்கும் வராது.

பிறகு பாகிஸ்தானோடு சண்டை வந்தது. அமெரிக்கா அவர்கள் பக்கமாம், நம்மை அடிக்கப் பெரிய கப்பல் வருகிறதாம் என்று ரேடியோ கேட்டவர்கள் சொன்னார்கள். மாவை வைதுகொண்டே தின்றார்கள். சட்டைகளை மட்டும் படம் உள்ளே போகும்படி திருப்பித் தைத்தார்கள். என் அம்மை காய்ச்சலில் கிடந்தாள். எனக்கு வேறு சட்டையும் இல்லை.

பிள்ளைகள் என்னை விளையாட்டில் சேர்க்கவில்லை. அதுவரை என் கையை விடாத சித்தப்பா மகள்தான் முதலில் ஆரம்பித்தாள்.

“ஏட்டி அமெரிக்காக்காரி, ஒனக்க கப்பலு எப்ப வருது? கடல்ல நிக்க ஒனக்க அப்பனத்தான் மொதல்ல சுடும், பாரு!”

சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினாள். அவள் முதுகிலும் அதே கைகள் துணிக்கு அடியில் மங்கலாகத் தெரிந்தன.

மறுநாள் மீன்பிடிக்கப் போன எல்லாக் கட்டுமரங்களும் கரை ஏறிவிட்டன. அப்பா போன மரத்தை மட்டும் காணவில்லை. அந்தக் கப்பல் வந்தது கிழக்குக் கடலில், எங்களுடையது மேற்குக் கடல் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கரையில் சிலுவை நட்டிருக்கிற குருசடிப் படியில் ஏறி, சட்டையின் ரெண்டு ஓரத்தையும் இழுத்துப் பிடித்து, படம் சுருங்காமல் கடலைப் பார்த்து நின்றேன்.

தலையில் மீன் கடவப் பெட்டியோடு போன ஒருத்தி, “ஏட்டி, வெயிலு மண்டையப் பொளக்குது, வீட்டுக்குப் போ” என்றாள். எதற்கு நிற்கிறாய் என்று கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

வெயில் கொஞ்சமும் தணியாத நேரத்தில் அப்பா வந்தார். பாய் கிழிந்து, துடுப்புப் போட்டே கரை சேர்ந்திருந்தார்.

“எதுக்கு மக்கா இங்க நிக்கே?”

“கப்பல்காரன் இந்தப் படத்தப் பாத்தா ஒங்கள ஒண்ணும் செய்ய மாட்டாம்லா?”

அப்பா சிரிக்கவில்லை. வலை உதறிக்கொண்டிருந்த ஆட்களை ஒரு தடவை பார்த்தார். தலையில் கட்டியிருந்த ஈரத் துண்டை அவிழ்த்து என்னைச் சுற்றிப் போர்த்தி, முன்னால் ஒரு முடிச்சுப் போட்டார்.

எனக்கு வெயில் படக்கூடாதென்றுதான் செய்கிறார் என்று வீடு வரைக்கும் பெருமையாக நடந்தேன். தலையை விட்டுவிட்டு நெஞ்சை ஏன் மூடினார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.