முயல் பிடித்த மீன்

ஓடிப்போய்விட்டாள் என்கிறார்கள். ஓடினாள்தான், அதை யார் இல்லை என்றது? பட்டப்பகலில், காலில் செருப்பில்லாமல், முழங்கை வரை ஈரம் சொட்ட, மூன்று தெருக்காரர்கள் பார்க்க ஓடினாள். ஆனால் எவனோடும் ஓடவில்லை. புருஷன் லாரியில் சரக்கேற்றிக்கொண்டு வெளியூர் போன நேரம் பார்த்து நழுவிவிட்டாள் என்று முடிச்சுப் போடுகிறார்களே, அப்படிப் போகிறவள் மாற்றுத்துணி கூட எடுக்காமலா போவாள்? கையில் மீன் பிடிக்கிற குட்டி வலையைத் தூக்கிக்கொண்டா போவாள்? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது சரி. ஆனால் நடந்தது இன்னதென்று கேட்காமலே பேசுகிறவர்களுக்கு வாய் இருப்பதே தண்டம். முதலிலிருந்து கேட்கட்டும், அப்புறம் பேசட்டும்.

அவளை வீட்டில் முயல் என்றுதான் கூப்பிட்டார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் வைத்த பெயர். கீழே கடை, மேலே வீடு. கடை புருஷனின் அண்ணனுடையது. இரண்டு சுவரிலும் மேலும் கீழுமாகக் கண்ணாடித் தொட்டிகள், வாசல் பக்கம் கிளிக்கூண்டும் முயல்கூண்டும், மூலையில் தீனி மூட்டை. காற்று மோட்டார்கள் சதா முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். வந்த முதல் வாரம், முயலுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தவளை அந்த அண்ணன் பின்னாலிருந்து ஏதோ கேட்டார். அவள் இலையும் கையுமாக அப்படியே உறைந்துவிட்டாள். ஓரகத்தி, அதாவது கடைக்காரரின் மனைவி, மாடிப்படியில் நின்று சிரித்தாள். கூண்டுக்குள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்றாள். அன்றோடு பெற்றவர்கள் வைத்த பெயர் போயிற்று.

கடைக்காரர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. அடித்தார், பிடித்தார் என்றும் சொல்ல முடியாது. ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிக்கிற ரகம். வீட்டுக்கு வந்த முயலுக்கும் மூன்றே கால்தான் என்று ஒருநாள் சொல்லியிருந்தால் இவள் ஒன்றை மடக்கிக்கொண்டு நடந்திருப்பாள். பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை செருமுவார். அந்தச் செருமல் கேட்டாலே இவள் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிற்பாள். அவருக்கு மட்டுமா பயந்தாள்? இடிக்குப் பயம், போன் மணிக்குப் பயம், ஈரக்கையோடு மோட்டார் சுவிட்சைத் தொடப் பயம். கடைத்தெருவுக்கு அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் யாராவது வரும்வரை ஓரமாக நின்று, அவர்கள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு சாலையைக் கடப்பாள். புருஷன் நல்லவன்தான். ஆனால் அவனும் அண்ணன் முன்னால் உட்காரமாட்டான். மாதத்தில் பாதி நாள் லாரியிலேயே கிடக்கிறவன் யாருக்கு என்ன தைரியம் சொல்வான்?

மீன்கள் அதட்டாது. அதனாலேயே அவளுக்கு அவற்றோடு ஒட்டிக்கொண்டது. தொட்டி துடைக்கும்போதும், கழிவை உறிஞ்சி எடுக்கும்போதும், வைத்த கண் வாங்காமல் பார்ப்பாள். நல்ல மீன் துடுப்பை விரித்துக்கொண்டு நடமாடும், கை நிழல் பட்டதும் தீனிக்கு முன்னால் வரும். நோய் பிடித்த மீன் துடுப்பை மடக்கிய குடை மாதிரி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அரிப்பெடுத்தது போலக் கல்லில் உரசும். காற்றுக்குமிழி வருகிற இடத்தில் போய் வாயைப் பிளக்கும். அதற்குப் பிறகுதான் உப்புத் தூவினது போல வெள்ளைப் பொட்டுகள் வரும், அப்போதுதான் மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியும். பயந்த மீனும் மூலையில் ஒதுங்கும், நோய்ப்பட்ட மீனும் ஒதுங்கும். ஆனால் நிழல் விலகினால் பயந்தது வெளியே வந்துவிடும், நோய்ப்பட்டது வராது. பயத்தின் அடையாளத்தை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

முன்பெல்லாம் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. பையில் வந்திறங்கும் புது மீனைப் பின்னறைத் தொட்டியில் தனியாக விட்டு, சில நாள் பார்த்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே முன்பக்கம் கொண்டுவருவார்கள். கடைக்காரர் அதை எடுத்துவிட்டார். விற்காத மீன் சும்மா உட்கார்ந்து தின்னும் விருந்தாளி என்றார். பின்னறையில் தீனி மூட்டைகள் ஏறின. வந்த மீன் வந்த அன்றே முன்தொட்டிக்கு வந்தது. எல்லாத் தொட்டிக்கும் ஒரே வலை வேறு. ஒரு தொட்டியின் சீக்கை வலையே அடுத்த தொட்டிக்குச் சுமந்துகொண்டு போகும். இவள் யாரும் பார்க்காதபோது உப்புத்தண்ணீர் வாளியில் வலையை முக்கி எடுப்பாள். அதற்கே திருடுகிறவள் போல வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள்.

வாங்க வருகிறவர்களிடம் வாய் திறந்து ஒன்றும் சொல்ல முடியாது, கல்லாவில் அவர் இருப்பார். அதனால் கை ஒரு வழி கண்டுபிடித்தது. வந்தவர் சீக்குமீனைக் காட்டினால் வலை நழுவும். இன்னொரு தரம் போட்டால் மீன் விளிம்பில் பட்டுத் தப்பும். மூன்றாவது தரம் அதே நிறத்தில் வேறொரு நல்ல மீன் வலைக்குள் துள்ளும். இதுவும் அதே மாதிரிதான் இருக்கு, இதையே போடு என்று வாங்கிப்போவார்கள். இத்தனை வருஷம் கடையில் இருக்கிறாள், ஒரு மீன் பிடிக்கத் தெரியவில்லை என்று தெருவே சிரித்தது. பெரிய குடும்பத்துக்கு வந்த கைவராதவள் என்று பேர். அவள் அதைக் கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வாள்.

கடைக்காரர் முட்டாள் இல்லை. சாயங்காலம் கணக்கு முடித்துத் தொட்டிகளைப் பார்த்தால், துடுப்பு மடங்கியதெல்லாம் கடையிலேயே தங்குகிறது, விரிந்ததெல்லாம் விற்றுப்போகிறது. கொஞ்ச நாள் கவனித்தார். ஒருநாள் மாடிப்படியில் எதிர்ப்பட்டபோது செருமிவிட்டு, மெதுவாக, ஏறக்குறைய அன்பாகவே சொன்னார்:

"வலை நழுவுற கைக்கு இந்த வீட்ல சோறும் நழுவும். தெரிஞ்சுக்க."

அன்று முழுக்க அவளால் ஒரு வாய் விழுங்க முடியவில்லை. திட்டியிருந்தால் அழுது ஆறியிருப்பாள். போக இடம் இருக்கிறவளுக்குத்தானே தைரியம்? அம்மா வீடு என்று இருந்ததும் தம்பி கல்யாணத்தோடு மூடிப்போயிற்று. அடுத்த நாளிலிருந்து வலை நழுவவில்லை. காட்டிய மீனைப் பிடித்துக் கொடுத்தாள். வாங்கிப்போகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் தையற்காரம்மா வந்தாள். மூன்று தெரு தள்ளி இருப்பவள், கழுத்தில் அளவு நாடா மாலை மாதிரி தொங்கும், முழங்கால் வலியால் ஆடி ஆடி நடப்பாள். பிள்ளைகுட்டி இல்லை. தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே ஒரு தொட்டி வைத்து, சுண்டுவிரல் அளவில் வாங்கிய தங்கமீன்களை உள்ளங்கை அளவுக்கு வளர்த்திருந்தாள். தைத்துக்கொண்டே அவற்றோடுதான் ஊர்க்கதை பேசுவாள். கேட்ட கதையை வெளியே சொல்லாத ஜீவன்கள் அந்த வட்டாரத்தில் அவை மட்டும்தான். முயலை உட்காரச் சொல்லிப் பேசிய ஒரே ஆளும் இந்தம்மாதான். தைக்கக் கொடுத்த துணியை வாங்கப் போனால், நின்றால் என் கழுத்து வலிக்கும், உட்கார் என்பாள்.

கிழட்டு மீன் ஒன்று செத்துப்போய், அதோடு சுற்றிய இன்னொன்று தீனி எடுக்காமல் கிடக்கிறதாம், அதற்கு ஒரு துணை வேண்டுமாம். தொட்டி தொட்டியாகக் குனிந்து பார்த்து, வால் நீண்ட ஒன்றைக் காட்டினாள். முயலுக்கு அந்த மீனைத் தெரியும். அது காலையில் வந்த பையில் இருந்த மீன். அதே பையிலிருந்து இரண்டைக் கடை திறக்குமுன் கடைக்காரர் குப்பையில் போட்டிருந்தார். இது துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் நின்றது. அவள் பார்க்கும்போதே விலாவைக் கல்லில் ஒரு உரசு உரசியது. வாலடியில் ஒரே ஒரு வெள்ளைப் பொட்டு.

வலை நழுவியது. நிறுத்திவைத்திருந்த பழக்கம் தானாக வந்துவிட்டது. மறுபடி போட்டாள், மறுபடி நழுவியது. பின்னால் செருமல் கேட்டது. கல்லாவை விட்டு எழுந்து வந்து அவளை ஒட்டினாற்போல் நின்றார். வலைக்காம்பைப் பிடித்திருந்த அவள் கைமேல் தன் கையை வைத்து, மூலைக்குத் தள்ளி, மீனை அள்ளி மேலே எடுத்தார். வாங்க வந்தவள் பார்வைக்கு அது உதவி மாதிரிதான் தெரிந்திருக்கும்.

தையற்காரம்மா பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். கொஞ்சம் சோர்ந்த மாதிரி இருக்கே என்று இழுத்தாள். பயணம் செய்த களைப்பு, நாளைக்குச் சரியாகிவிடும் என்றார் கடைக்காரர். அவள் அவரைப் பார்க்காமல் இவளைப் பார்த்தாள்.

"நீ சொல்லு பொண்ணே. நல்ல மீன்தானே?"

"நல்ல மீன்தாம்மா."

சொல்லிவிட்டாள். நாக்கு அவளைக் கேட்கவே இல்லை. அதற்கு மேல் அவளுக்கு வாயில் வந்தது ஒன்றுதான்: பையை உடனே திறக்க வேண்டாம், கட்டோடு தொட்டியில் மிதக்க விடுங்கள், இரண்டு தண்ணீரின் சூடும் சமமாகட்டும். எல்லோருக்கும் சொல்வதுதான். ஆனால் ரொம்ப நேரம் விடுங்கம்மா, நல்லா ரொம்ப நேரம் விடுங்க என்று படி இறங்கும்வரை சொல்லிக்கொண்டே போனாள். கடைக்காரர் கல்லாவுக்குத் திரும்பிப்போய், கை இப்போது நன்றாக வருகிறதே என்றார்.

அப்புறம் அவள் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது. தொட்டிக் கண்ணாடியைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே துடைத்தாள். இந்நேரம் அந்தம்மா முக்குக் கடையைத் தாண்டியிருப்பாள். இந்நேரம் பூட்டைத் திறந்திருப்பாள். இப்போது பை மிதக்கும். அந்தம்மாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு என்று இவளுக்குத் தெரியும்: மீனை மட்டும் எடுத்து விடமாட்டாள், பைத்தண்ணீரையும் சேர்த்துக் கவிழ்ப்பாள், வந்த மீனுக்குப் பழகின தண்ணீர் கொஞ்சம் இருக்கட்டும் என்று பாவம் பார்ப்பாள். அந்தத் தண்ணீரில்தான் சீக்கே இருக்கிறது. அந்தப் பழைய மீன்கள் மடங்கிக் கிடப்பது கண்ணில் வந்தது. அந்தம்மா மெஷின் முன்னால் யாரோடு பேசுவாள்?

வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது, மேலே போய் வருகிறேன் என்றாள். தீனி மூட்டையை அடுக்கிவிட்டுப் போ என்றார். அடுக்கினாள். போன் செய்யலாம் என்றால் போன் கல்லாவில், அவர் கைக்குக் கீழே. கடைசி மூட்டையைப் பாதியிலேயே கீழே வைத்தாள். இப்போது கட்டை அவிழ்த்திருப்பாள் என்று தோன்றியது. உப்புத்தண்ணீர் வாளிக்குள் கையை விட்டு வலையை எடுத்தாள், எதற்கு எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. நேராக வாசலுக்கு நடந்தாள்.

"எங்க போற?" என்றார் கடைக்காரர்.

"தையற்காரம்மா வீட்டுக்கு மாமா." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அது நோய் மீன்."

ஓரகத்தி வாசற்படியில் கிளிக்கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். எழுந்து வழியை மறிக்கவில்லை, கழுவுவதையும் நிறுத்தவில்லை. கடைப்பேரைக் கெடுக்கப் போறியா என்று கேட்டாள். முயல் நடந்துகொண்டே இருப்பதைப் பார்த்துத்தான் நிமிர்ந்தாள்.

"நீ இறங்கினா அப்புறம் ஏறுறதுக்குப் படி இருக்காது. உன் புருஷன் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன்."

"சரிக்கா" என்றாள் முயல். பழக்கதோஷம், எது சொன்னாலும் சரி என்றே வரும். சொல்லிவிட்டு இறங்கினாள்.

அப்போதுதான் ஊரே பார்த்த அந்த ஓட்டம். செருப்பு கடைக்குள்ளேயே கிடந்தது. யாராவது வரட்டும் என்று காத்து நிற்கிற சாலையை அவள் எப்படிக் கடந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. பஸ்காரன் பிரேக் போட்டுத் திட்டியதைப் பார்த்தவர்கள் சொல்லித்தான் தெரியும். பயம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். பின்னால் ஒரு பயம் துரத்தியது, முன்னால் ஒரு பயம் இழுத்தது, நடுவில் அவள் ஓடினாள்.

கதவு திறந்துதான் இருந்தது. தையற்காரம்மா பையின் ரப்பரைக் கழற்றி, வாயை விரித்து, தொட்டிக்கு மேலே சரித்துப் பிடித்திருந்தாள். முயல் ஓடிப்போய் இரண்டு கையையும் தொட்டியின் மேல் நீட்டினாள். தண்ணீர் கைமேல் கொட்டிச் சிதறியது. வழுக்கி விழுந்த மீனை வலையில் வாங்கி, இஸ்திரி போடத் தெளிக்கிற தண்ணீர் வாளியில் போட்டாள்.

"பைத்தியமா உனக்கு?"

"அது நல்ல மீன் இல்லம்மா. நான் பொய் சொன்னேன்."

தையற்காரம்மா அவளைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். யார் பேச்சுக்குப் பொய் சொன்னாய் என்று கேட்கவில்லை. தரை முழுக்க ஈரம், தொட்டி விளிம்பிலும் ஈரம்.

"உள்ள விழுந்துச்சா?"

"தெரியலம்மா."

"ஒரு துளியாவது?"

"தெரியல."

எப்போது தெரியும் என்று கேட்டாள். ஒரு வாரத்துக்கு மேலேயே ஆகலாம் என்றாள் முயல். தையற்காரம்மா துணிக்குவியலைத் தள்ளி ஸ்டூலை இழுத்துத் தொட்டிக்கு முன்னால் போட்டாள்.

"அதுவரைக்கும் இந்த இடத்தை விட்டு நகரக்கூடாது நீ. என் மீனுக்குப் பதில் சொல்லிட்டுத்தான் எங்கேயும் போகணும்."

முயல் உட்கார்ந்தாள். போக வேறெங்கே இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை, அந்தம்மாவும் கேட்கவில்லை. பழைய மீன்கள் கலங்கிப்போய் அடியில் ஒதுங்கியிருந்தன. அவள் கையை விலக்கி, நிழல் விழாமல் பின்னால் சாய்ந்துகொண்டாள். ஒன்று மெல்ல வெளியே வந்தது. இன்னொன்று வந்தது. தீனி எடுக்காமல் கிடந்த பெரியது மட்டும் கல்லோரமாகப் போய், உடம்பை ஒருபக்கம் சாய்த்துத் திரும்பியது.

"உரசுதா?" என்றாள் தையற்காரம்மா, மூச்சுவிடாமல்.

முயல் கண்ணாடிக்கு அருகே குனிந்தாள்.

"சும்மா திரும்புதும்மா," என்றாள். "இப்போதைக்கு."